தொடர் இணைப்பு

களக்காட்டு மலையடியில் இரண்டே கால் ஏக்கர்.
ஆறு பேர் சேர்ந்து எடுத்த குத்தகை வாழை.
குலை தள்ளிய மாதம்
பன்றி இறங்கத் தொடங்கியது.

“நீ பேட்டை ஐடிஐயில படிச்சவதானளா,
ஒரு லைட்டப் போடு” என்றாள் ஆவுடைத்தங்கம்.
கரண்டுக் கம்பம் எண்ணூறு மீட்டர் தள்ளி.
கையில் இருந்தது
ஜெபக்கனி வீட்டு லோடு ஆட்டோவில் கழற்றிய
பன்னிரண்டு வோல்ட் பேட்டரி.
வண்ணார்பேட்டையில் வாங்கிய எல்இடி ஆறு.
சுண்டுவிரல் நகம்தான் ஒவ்வொன்றும்,
நேராகப் பார்த்தால் கண்ணில் ஆணி அடிக்கும்.

முதலில் வோல்ட்டைக் குறைத்து
ஆறையும் பக்கம் பக்கமாகக் கோத்தேன்.
ஒரே பெட்டியில் வந்தவை, ஒரே முகம்.
ஆனாலும் ஒன்றுக்கு மூன்று புள்ளி ஒன்று போதும்,
இன்னொன்று மூன்று புள்ளி மூன்று இல்லாமல்
கண் திறக்காது.
குறைவாகக் கேட்டதுதான் நிறைய இழுத்தது.
இழுக்க இழுக்கச் சுட்டது,
சுடச் சுட இன்னும் குறைவாகக் கேட்டது,
இன்னும் இழுத்தது.
கருகிய வாடை. நாற்பத்தைந்து ரூபாய்.

வேறொன்று வாங்கி, தொடராகக் கோத்தேன்.
ஒன்றின் வாலில் அடுத்ததன் தலை.
முதலாவதில் நுழையும் எழுநூறு மில்லி ஆம்பியர்தான்
ஆறாவதுக்கும்.
பங்கு இல்லை, அதனால் சண்டையும் இல்லை.
ஆனால் கூட்டினால் பத்தொன்பதரை வோல்ட்.
இருப்பது பன்னிரண்டு.

செத்த கம்ப்யூட்டரில் எடுத்த மஞ்சள் வளையத்தில்
செம்புக் கம்பி இருபத்தெட்டுச் சுற்று.
“இது எப்படி ஏத்தும்?” மூக்கம்மாள் கேட்டாள்.
நாங்குநேரி பஸ்ஸ நினைச்சுக்கோக்கா,
நின்னுக்கிட்டே வாரோம்,
டிரைவர் சட்டுன்னு பிரேக் அடிக்கான்.
பஸ் நின்னுருது, நாம நிக்க மாட்டோம்லா?
அந்தத் தள்ளுதான் மிச்ச வோல்ட்.
நொடிக்கு எண்பதாயிரம் பிரேக்.
“அந்த டிரைவருக்குக் காலு வலிக்காதா?”

சும்மா வராது எதுவும்.
வெளியே எழுநூறு கொடுக்க
பேட்டரி ஆயிரத்து முந்நூறு கட்டுகிறது.
வட்டி மாதிரி என்று சொல்லிவிட்டேன்.
யாரும் பேசவில்லை.
மறுநாள் புதன்,
ஹெல்மெட்டைக் கழற்றாமலே கணக்குக் கேட்கிறவன்
வரும் நாள்.
பேச்சித்தாய் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள்,
கர்ப்பப்பை ஆபரேஷன்.
ஆறு கையெழுத்தில் வாங்கிய கடன்.

ஜன்னல் சட்டத்து அலுமினியத்தில் ஆறையும் ஒட்டி
மூங்கிலில் தூக்கினோம்.
வரப்பு வெளுத்தது. வாழையிலை நரம்பு தெரிந்தது.
பன்றி ஒன்று ஓரத்தில் நின்று
எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பியது.

மூன்றாம் ராத்திரி ஒன்றின் பற்றவைப்பு விட்டது.
ஆறும் இருட்டு.
போக வழியில்லாத வோல்ட் ஏறி ஏறி
கெப்பாசிட்டர் தலை வீங்கிக் கிடந்தது.
விடிந்து எண்ணினோம்: பதினொரு மரம்.
“தொடரு தொடருன்னியே, சவத்த” என்றாள் வள்ளித்தாய்.
சொல்லட்டும்.

பதினொரு மரத்தின் முன்னால் உட்கார்ந்துதான் புரிந்தது.
ஒவ்வொன்றின் தோளோரமும்
ஒரு செனர் டையோடு பற்றவைத்தேன்.
சாதாரண நாளில் அது ஒன்றும் செய்யாது.
பக்கத்தில் உள்ளது விழுந்தால்
கரண்டைத் தன் மேல் வாங்கிக் கடத்திவிடும்.
வெளிச்சம் தராது. சுடும், அவ்வளவுதான்.

அடுத்த புதன் தவணை அறுநூற்றைம்பது குறைந்தது.
சேலை முடிச்சிலிருந்தும் ஜாக்கெட்டிலிருந்தும்
ஆளுக்கு நூற்று முப்பது வந்தது.
ஜெபக்கனி முனகிக்கொண்டே கொடுத்தாள்.

ராத்திரி ஆஸ்பத்திரியிலிருந்து போன்.
“லைட்டு எரியுதாளா?”
எரியுதுக்கா.
“ஆறுமா?”
கிழக்கு ஓரத்தில் ஒன்று காலையிலேயே போயிருந்தது.
அதன் டையோடைத் தொட்டுப் பார்த்து
விரலை வாயில் வைத்துக்கொண்டிருந்தேன்.
அஞ்சு எரியுது, நீ தூங்கு.